திரவப் பாய்வுமானியை இயக்கத்தில் விடுதல்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் நீரளவையின் வரலாறு

பாய்வுமானி என்பது குழாய் வழியே செல்லும் திரவத்தின் அளவை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே காட்டும் கருவி ஆகும். தொழிற்சாலைகளில் இது 'ஃப்ளோ மீட்டர்' என்றே வழங்கப்படுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதியில், ஆலைக்குள் வரும் நீர், கொதிகலனுக்குச் செல்லும் நீர், வண்ணப்பூச்சுப் பிரிவின் கழுவுநீர், வெளியேறும் கழிவுநீர் ஆகிய அனைத்தும் இத்தகைய மானிகளால் அளக்கப்படுகின்றன.

பாய்வுமானி தவறு செய்வதும், சேதமடைவதும், அருகில் நிற்பவரைக் காயப்படுத்துவதும் பெரும்பாலும் அது ஓடிக்கொண்டிருக்கும் வேளையில் அன்று. அதை இயக்கத்தில் விடும் முதல் சில நிமிடங்களில்தான். ஆகவே எந்த வால்வை முதலில் திறப்பது, எதை எவ்வளவு மெதுவாகத் திறப்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. ஓடும் நீரை அளக்க மனிதர் எடுத்துக்கொண்ட நீண்ட முயற்சியைப் பார்த்தால் அந்த வரிசையின் காரணம் விளங்கும்.

ஏரி நாட்டின் அளவை

பழைய செங்கல்பட்டு மாவட்டம் 'ஏரி மாவட்டம்' என்று பெயர் பெற்றது. திருப்பெரும்புதூரும் ஒரகடமும் அந்த ஏரி நாட்டின் நடுவே உள்ளவை. செம்பரம்பாக்கம் ஏரியும் அருகிலேயே உள்ளது. இதே நிலப்பரப்பைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) கல்வெட்டுகள் உள்ளன. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறும் அவை, ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. நீரைப் பங்கிடுவது தனி மனிதரின் விருப்பத்துக்கு விடப்படாமல் பொறுப்புள்ள ஒரு குழுவின் கடமையாக இருந்தது என்பதற்கு இது சான்று.

ஏரியிலிருந்து வயலுக்கு நீர் செல்லும் வழி மதகு அல்லது தூம்பு ஆகும். தூம்பின் துளையை ஓர் அடைப்பால் மூடி, வேண்டும்போது அதைத் தூக்கி நீர் விடுவர். புதுக்கோட்டை முதலிய பகுதிகளில் காணப்படும் குமிழித்தூம்புகளில் நீர் செல்ல நீரோடித் துளையும், சேறு வெளியேறச் சேறோடித் துளையும் தனித்தனியே அமைந்திருந்தன. நீரையும் சேற்றையும் ஒரே வழியில் விடக் கூடாது என்ற இந்த எண்ணம், இன்று பாய்வுமானிக்கு முன் வடிகட்டி வைப்பதிலும் தொடர்கிறது.

துளையின் அளவு நிலையானது. ஆனால் அதன் வழியே செல்லும் நீரின் அளவு நிலையானது அன்று. ஏரி நிறைந்திருக்கும்போது நீர் வேகமாகப் பாயும். வற்றும்போது மெதுவாகப் பாயும். ஊர் நீர்க்கட்டி இதை அனுபவத்தால் அறிந்திருந்தார். ஏரியின் மட்டத்தையும் முறை நேரத்தையும் சேர்த்தே அவர் நீர் பங்கிட வேண்டியிருந்தது.

பரப்பும் வேகமும்

இதே சிக்கல் ரோம் நகரிலும் எழுந்தது. கி.பி. 97இல் அந்நகரின் நீர் வழங்கல் பொறுப்பை ஏற்ற ஃப்ரான்டினஸ், பதிவேட்டில் இருந்த அளவும் தாம் அளந்த அளவும் பொருந்தாததைக் கண்டார். முறைகேடான இணைப்புகள் ஒரு காரணம். மற்றொரு காரணம், அக்கால அளவை குழாயின் குறுக்குப் பரப்பை மட்டுமே கணக்கிட்டது. நீரின் வேகத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இத்தாலியரான பெனெடெட்டோ காஸ்டெல்லி 1628இல் வெளியிட்ட நூலில், ஓடும் நீரின் அளவு பரப்பையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது என்று தெளிவாக்கினார். 1644இல் டாரிசெல்லி, துளையிலிருந்து வெளிவரும் நீரின் வேகம் அதற்கு மேலுள்ள நீரின் உயரத்துடைய வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று காட்டினார். துளைக்கு மேல் நீர் 4 அடி உயரம் நின்றால் பாயும் வேகம், 1 அடி நிற்கும்போது பாயும் வேகத்தைப் போல் இரு மடங்குதான். நான்கு மடங்கு அன்று. நீர்க்கட்டி கண்ணால் கண்டது இவ்வாறு கணக்காயிற்று.

இக்கணக்கிலிருந்து முதல் விதி பிறக்கிறது. பரப்பு என்பது குழாய் நிறைந்திருந்தால் மட்டுமே குழாயின் பரப்பு. பாதி நிறைந்த குழாயில் வேகத்தை மட்டும் சரியாக அளக்கும் கருவி, மொத்த அளவைத் தவறாகவே காட்டும். எனவே எந்த வகை மானியாயினும், குழாயை நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பிறகே அதன் எண்ணை நம்ப வேண்டும்.

ஆலைகளுக்காகப் பிறந்த மானிகள்

1790இல் ஜெர்மானியப் பொறியாளர் ரைன்ஹார்ட் வோல்ட்மன், நீரோட்டத்தில் சுழலும் இறக்கைச் சக்கரத்தைக் கொண்டு வேகம் அளக்கும் முறையை வெளியிட்டார். பெரிய குடிநீர்க் குழாய்களில் இன்றும் பொருத்தப்படும் ஒரு வகை மானி அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தொழிற்சாலைகளில் உள்ள டர்பைன் மானியும் இதே கருத்தில் இயங்குவது.

1797இல் இத்தாலியரான வென்டூரி, குறுகிய குழாய்ப் பகுதியில் நீரின் வேகம் கூடி அழுத்தம் குறைவதை விளக்கினார். தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், 1887இல், அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் கிளெமென்ஸ் ஹெர்ஷல் அதைக் கருவியாக்கினார். அந்நகரில் ஒரு நிறுவனம் ஆற்று நீரைக் கால்வாய் வழியே பல ஆலைகளுக்கு விற்றது. எந்த ஆலை எவ்வளவு நீர் எடுத்தது என்பதை அளப்பது அங்கு அன்றாடச் சிக்கலாக இருந்தது. ஒரே நீர் வழியைப் பல ஆலைகள் பகிரும் இன்றைய சிப்காட் வளாகத்தின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

மைக்கேல் ஃபாரடே 1832இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் தேம்ஸ் ஆற்றின் ஓட்டத்தை மின்காந்த முறையில் அறிய முயன்றார். ஆற்றில் இறக்கிய செப்புத் தகடுகளிலிருந்து தெளிவான அளவீடு கிடைக்கவில்லை. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த துறவி துயர்லெமான் 1941இல் குழாயில் ஓடும் திரவத்துக்கு இம்முறையைப் பயன்படுத்தி எழுதினார். 1950களில் நெதர்லாந்திலிருந்து மின்காந்த மானி சந்தைக்கு வந்தது. கோரியோலிஸ் 1835இல் விளக்கிய விசையை அடிப்படையாகக் கொண்டு, திரவத்தின் நிறையையே நேரடியாக அளக்கும் மானி 1970களின் பிற்பகுதியில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்தது.

தொழிற்பகுதியும் அதன் நீரும்

தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிஸான் ஆலையும் இயங்கத் தொடங்கின. ஏரிகளும் வயல்களுமாக இருந்த பகுதி ஒரு தலைமுறைக்குள் தொழிற்பகுதியாக மாறியது.

தொழிற்சாலைகளில் நீரை அளப்பதற்குச் சட்டக் கட்டாயமும் இருந்தது. 1977ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புத் தீர்வைச் சட்டம், அச்சட்டத்துக்கு உட்பட்ட தொழில்கள் நீர்மானி பொருத்த வேண்டும் என்று விதித்தது. குளிர்விப்புக்கு எடுக்கும் நீருக்கு ஒரு வீதம், மாசுபடும் செய்முறைக்கு எடுக்கும் நீருக்கு வேறு வீதம் என்று தீர்வை அமைந்ததால், பயன்பாடுதோறும் தனித்தனியே அளக்க வேண்டிய தேவை ஏற்பட்டது. சரக்கு சேவை வரி வந்தபோது, 2017இல், இத்தீர்வை நீக்கப்பட்டது. ஆனால் அளக்கும் தேவை நீங்கவில்லை. அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களின் கழிவுநீர் வெளியேற்றத்தைத் தொடர்ந்து கருவிகளால் கண்காணிக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் அறிவுறுத்தியிருந்தது.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் உள்ளிட்ட சென்னையின் ஏரிகள் வறண்டன. அதே ஆண்டு, கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் நிலையில் சுத்திகரிக்கும் ஆலை திறக்கப்பட்டது. நுண்வடிகட்டலும் எதிர்ச் சவ்வூடுபரவலும் செய்யப்பட்ட அந்நீர், குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய சிப்காட் வளாகங்களுக்கு அனுப்பப்படுகிறது. அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். இது வினாடிக்கு ஏறத்தாழ 521 லிட்டர். பொதுப்பணித் துறையின் பழைய கணக்கில் சொன்னால் 18 கன அடிக்குச் சற்று மேல்.

இந்த அளவில் ஒரு நூற்றில் ஒரு பங்கு தவறு என்பது நாளொன்றுக்கு 4.5 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 37க்கு மேல் நிரப்பக்கூடிய நீர் அது. வறண்ட ஆண்டில் இந்த வேறுபாடு வெறும் எண் அன்று. யாரோ ஒருவருக்குக் கிடைக்காமல் போன நீர்.

இயக்கத்தில் விடும் முறை

பொங்கல் போன்ற விடுமுறைகளுக்குப் பின்னரும், பராமரிப்புக்காக நிறுத்தப்பட்ட பின்னரும் ஆலை மீண்டும் தொடங்கும்போது குழாய்களில் காற்றும் துருவும் இருக்கும். மானியை இயக்கத்தில் விடும் வரிசை இந்த நிலையை எண்ணியே அமைந்தது.

முதல் படி, குழாயைக் கழுவுதல். புதிய அல்லது பழுது பார்க்கப்பட்ட குழாயில் பற்றவைப்புத் துணுக்குகள், மணல், துரு ஆகியவை தங்கியிருக்கும். மானியின் இடத்தில் அதே நீளமுள்ள வெற்றுக் குழாய்த் துண்டைப் பொருத்திக் கழுவி, பிறகு மானியைப் பொருத்துவது வழக்கம். மானியின் மேலுள்ள அம்புக்குறி திரவம் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும்.

இரண்டாம் படி, நிரப்புதல். பைபாஸ் குழாய் உள்ள அமைப்பில், மானியின் இருபுற வால்வுகளும் மூடியிருக்க, முதலில் பைபாஸ் வால்வு வழியே திரவம் ஓடவிடப்படுகிறது. அடுத்து மானிக்கு முன்னுள்ள வால்வு சிறிதளவு திறக்கப்பட்டு, காற்றுப்போக்கி வழியே காற்று முழுவதும் வெளியேற்றப்படுகிறது. பிறகு மானிக்குப் பின்னுள்ள வால்வு மெதுவாகத் திறக்கப்படுகிறது. இறுதியாகவே பைபாஸ் மெல்ல மூடப்படுகிறது. பைபாஸ் சிறிது திறந்திருந்தாலும், அதன் வழியே செல்லும் திரவம் மானியின் கணக்கில் வராது.

டர்பைன் மானியில் இந்த மெதுவான திறப்பு மிக முக்கியம். வால்வைச் சட்டெனத் திறந்தால், குழாயில் அடைபட்ட காற்று பெருவேகத்தில் பாய்ந்து சக்கரத்தை அதன் வரம்புக்கு மேல் சுழற்றும். பேரிங் தேய்வதும் இறக்கை வளைவதும் அந்தச் சில வினாடிகளில் நிகழ்ந்துவிடும். அதன் பிறகு மானி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் குறைவாகக் காட்டும்.

வென்டூரி, துளைத்தகடு ஆகியவற்றில் இருபுற அழுத்த வேறுபாட்டை அளக்கும் டிரான்ஸ்மிட்டர் இணைக்கப்படுகிறது. இதற்கு மூன்று வால்வு கொண்ட தொகுதி உண்டு: உயர் அழுத்தப் பக்கத்துக்கு ஒன்று, தாழ் அழுத்தப் பக்கத்துக்கு ஒன்று, இரண்டையும் இணைக்கும் சமன் வால்வு ஒன்று. தொடங்கும்போது சமன் வால்வு திறந்தும் மற்ற இரண்டும் மூடியும் இருக்க வேண்டும். உயர் அழுத்த வால்வை மெதுவாகத் திறந்து, காற்றை வெளியேற்றி, பின் சமன் வால்வை மூடி, கடைசியாகத் தாழ் அழுத்த வால்வைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால், நுண்ணிய வேறுபாட்டை அளக்கும் சவ்வின் ஒரு பக்கத்தில் குழாயின் முழு அழுத்தமும் விழும்.

மூன்றாம் படி, சுழி நிலையைச் சரிபார்த்தல். குழாய் நிறைந்து, ஓட்டம் முற்றிலும் நின்றிருக்கும்போது மானி சுழியைக் காட்ட வேண்டும். கோரியோலிஸ் மானிக்கு, வழக்கமாக இயங்கும் வெப்பநிலையிலேயே இதைச் செய்வது முறை. வால்வு கசியும் நிலையிலோ காற்றுக் குமிழ் உள்ள நிலையிலோ சுழியைப் பதிந்தால், அந்தத் தவறு ஒவ்வொரு கணக்கிலும் சேரும். நிமிடத்துக்கு 2 லிட்டர் தவறு என்பது ஒரு நாளில் 2,880 லிட்டர். வேறுபாட்டழுத்த மானியில் கவனம் இன்னும் தேவை: ஓட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அழுத்த வேறுபாடு நூற்றில் ஒரு பங்காகக் குறையும். குறைந்த ஓட்டத்தில் சிறிய சுழித் தவறும் பெரிதாகிவிடும்.

மின்காந்த மானிக்கு மற்றொரு நிபந்தனை உண்டு. திரவம் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். பொதுவாக சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமென்ஸ் அளவுக்காவது கடத்துதிறன் எதிர்பார்க்கப்படுகிறது. ஆலைக்குள் வரும் நீரைச் சரியாக அளக்கும் அதே மானி, வண்ணப்பூச்சுப் பிரிவுக்காக உப்பு முழுவதும் நீக்கப்பட்ட நீரில் பயன்படாமல் போகலாம். அங்கே மீயொலி மானி, கோரியோலிஸ் மானி போன்றவை வேண்டும்.

ஆபத்துகள்

ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் அழுத்த அலை எழும். இதை நீர்ச்சுத்தி என்பர். ரஷ்ய அறிஞர் ஜுக்கோவ்ஸ்கி 1898இல் இதை ஆய்ந்து கணக்கிட்டார். எஃகுக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் சட்டென நின்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் கூடும். 4 கிலோ அழுத்தத்தில் இயங்கும் குழாய் கண நேரத்தில் 16 கிலோவைத் தாங்க வேண்டியிருக்கும். பற்றவைப்பும் கேஸ்கட்டும் தாங்காவிடில் திரவம் பீறிட்டு வெளிவரும்.

கண்ணாடிக் குழாய் ரோட்டாமீட்டரில் இந்த ஆபத்து நேரடியானது. 1908இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற சுழலும் மிதவை மானியிலிருந்து வளர்ந்த இக்கருவியில் மிதவையின் உயரமே ஓட்டத்தின் அளவு. வால்வைச் சட்டெனத் திறந்தால் மிதவை மேலே மோதிக் கண்ணாடி உடையக்கூடும். எனவே திறப்பவர் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, மிதவை மெல்ல எழுவதைப் பார்த்தபடி திறக்க வேண்டும். நீராவிக்கும் சூடான காரக் கரைசலுக்கும் கண்ணாடிக் குழாய் ஏற்றதன்று.

நிறுத்தும்போதும் கவனம் தேவை. மானியின் இருபுற வால்வுகளையும் மூடித் திரவத்தை உள்ளே சிறைவைத்தால், வெயிலிலோ அருகிலுள்ள வெப்பத்திலோ அது விரிவடைய இடமிருக்காது. ஒரு டிகிரி வெப்ப உயர்வே சில கிலோ அழுத்தத்தைக் கூட்டிவிடும். ஆகவே அழுத்தத்தை வெளியேற்ற வழி இருக்க வேண்டும். மானியைக் கழற்றுமுன் வால்வுகளை மூடிப் பூட்டி, எச்சரிக்கை அட்டை தொங்கவிட்டு, மின்னிணைப்பைத் துண்டித்து, வடிகால் வழியே திரவத்தை இறக்கி, அழுத்தமானி சுழியைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தமானியும் பழுதாகியிருக்கலாம் என்பதால், வடிகால் திறந்திருப்பதைக் கண்ணால் உறுதிசெய்த பின்னரே போல்ட்டைத் தளர்த்துவது நல்லது. எதிர்ப்புறத்துப் போல்ட்டை முதலில் தளர்த்தினால், எஞ்சிய திரவம் தொழிலாளியின் மேல் படாமல் மறுபக்கம் வெளியேறும்.

அளவின் நம்பகம்

முறையாகத் தொடங்கிய மானியும் காலப்போக்கில் மாறும். உட்சுவரில் உப்புப் படிவதும் மின்முனையில் அழுக்குச் சேர்வதும் இயல்பு. எனவே அறியப்பட்ட அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுத்திருத்தம் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்யப்படுகிறது. இதற்கான இந்திய நிறுவனங்களுள் ஒன்று, 1987இல் நிறுவப்பட்ட பாலக்காட்டுத் திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் ஆகும். வணிகத்துக்குப் பயன்படும் எடை, அளவைக் கருவிகளை 2009ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

ஆயினும் சான்றிதழ் பெற்ற மானியையும் ஒரே நிமிட அவசரம் கெடுத்துவிடும். இரவு ஷிப்டில் உற்பத்தியை விரைந்து தொடங்க வேண்டிய நெருக்கடியில், வால்வை முழுவதும் திறந்துவிடும் கை பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த ஐடிஐ சான்றிதழ் பெற்றவருடையது அல்லது ஒப்பந்தத் தொழிலாளருடையது. தொடங்கும் வரிசையை அவர்கள் படிக்கும் மொழியில், மானியின் அருகிலேயே எழுதி வைப்பது செலவு குறைந்த பாதுகாப்பு. வரிசையோடு அதன் காரணத்தையும் சொல்லிக் கொடுத்தால், அவசரத்திலும் அது மறக்காது.

உத்திரமேரூரின் ஏரி வாரியம் முதல் ஒரகடத்துக் குழாய் வழி வரை கருவிகள் பல மாறியுள்ளன. நீரைப் பொறுப்போடு திறந்து, நேர்மையாக அளந்து, பங்குக்குரியவருக்குச் சேர்க்க வேண்டும் என்ற தேவை மாறவில்லை. குழாயை நிரப்பு, காற்றை வெளியேற்று, அழுத்தத்தைச் சமன்செய், சுழியைச் சரிபார், மெதுவாகத் திற என்ற ஐந்து சொற்களில் அதன் இன்றைய வடிவம் அடங்கும்.